ரோமர் சந்தையிலிருந்து கொறற்றிக்கு

சேசு மரி சூசை துணை

அல்ட்வெர்த், மேற்கு ஜெர்மனி
14.10.1984

அன்புள்ள கொறற்றிக்கு,

ஒரு கட்டிலும் அரை அலுமாரியும் கிடைத்து, உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறேன். நீரும் பற்றிமாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன்.

கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயிலில் மேற்குப் பக்கம் வந்து, அங்கிருந்து மூன்று இடங்கள் மாற்றி, கடைசியில் இந்தச் சிற்றூரில் விட்டிருக்கிறார்கள். ரைன் ஆறு பக்கத்தில் ஓடுகிறது. நாங்கள் இருக்கும் கட்டடத்தை ஹைம் என்கிறார்கள். முன்பு பள்ளிக்கூடமாம். பதினெட்டுப் பேர், ஆறு நாடு, ஒரு குசினி. எங்கள் ஆட்களில் கணேசலிங்கம் மட்டும்தான் கூட வந்தவர். அவரை எசன் நகரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த வட்டாரத்தை விட்டு வெளியே போவதென்றால் அலுவலகத்தில் கடிதம் வாங்க வேண்டும்.

கடை எப்படிப் போகிறது? நான் போன பிறகு பின்னேரம் கடைக் கதவுப் பலகைகளைப் போட உமக்கு யார் உதவி? எதிர்க்கடை நித்தியானந்தன் அண்ணையின் இருமல் குறைந்ததா? டிப்போவில் வேலை முடிந்து, சந்தைக்குள் நுழையும்போது வரும் அந்த மணம், கருவாடும் புதுத் துணியும் ஈரச் சாக்கும் கலந்தது, இங்கே சில வேளை மூக்குக்குள் வந்து போகிறது. எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்த்தால் ஒன்றுமில்லை.

பற்றிமாவை இடது கன்னத்தில் கொஞ்சவும். வலது கன்னம் உமக்கு.

யூட்


யாழ்ப்பாணம்
9.11.1984

அன்புள்ள பற்றிமாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிடுகிறோம். அதுவரை எப்படி இருந்தோம் என்று கேட்காதீர்கள். நீங்கள் தலைக்கு எண்ணெய் வைக்கிறீர்களா? குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள்.

இங்கே எல்லாம் வழமைபோல. கடைக்கு ஒரு குறையுமில்லை. பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்க வந்துகொண்டுதான் இருக்கின்றன. பற்றிமா ஆனா எழுதும்போது வாலைப் பெரிதாக இழுக்கிறாள். ரீச்சர் ஏசினால், "அப்பா தூரத்தில இருக்கிறார், அவருக்குத் தெரிய வேணும்" என்கிறாளாம்.

தபால்காரர் எங்கள் ஒழுங்கைக்கு ஒழுங்காக வருவதில்லை. இனிமேல் அக்கா பிளோறன்ஸ் வீட்டு விலாசத்துக்கு எழுதுங்கள்.

வேறு என்ன எழுத. மழை தொடங்கிவிட்டது.

கொறற்றி


அல்ட்வெர்த்
2.12.1984

அன்புள்ள கொறற்றிக்கு,

தடிமன் வந்து போய்விட்டது. இப்போது நல்ல சுகம். நீங்கள் மழையில் நனையாமல் இருக்கிறீர்களா?

எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. வேலை என்று சொல்லவும் கூடாது. எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, ஆனால் ஊருக்குப் பொதுவான கூட்டித் துடைக்கிற வேலைகளுக்கு அனுப்புவார்கள். என்னையும் இரண்டு எரித்திரியாக்காரரையும் கையில் இலைவாரி தந்து ஊர் எல்லைக்குக் கூட்டிப் போனார்கள். பீற்றூட் வயலுக்கும் தேவாலயத்துக்கும் நடுவில் ஒரு பெரிய புல்வெளி. புல்லுக்குள் முழங்கால் உயரத்தில் வரிசை வரிசையாகக் கல்லுக்கட்டு. சவக்காலை என்று நினைத்து நான் தொப்பியைக் கழற்றிவிட்டேன்.

அங்கே பொறுப்பாக இருக்கும் கெர்லாக் என்ற பெண்மணி அதைக் கண்டு சிரித்தார். எங்கள் வயதுதான் இருக்கும். தோண்டி எடுத்த பொருட்களை வைத்திருக்கும் சின்ன நூதனசாலையும் அவர் பொறுப்பில்தான். எனக்குத் தெரிந்த இங்கிலிசும் அவருக்குத் தெரிந்த இங்கிலிசும் ஏறக்குறைய ஒரே அளவு. "கல்லறை இல்லை. சந்தை. ரோமர்களின் சந்தை. ஆயிரத்து எண்ணூறு வருடம்" என்றார்.

கொறற்றி, நான் தொப்பியைப் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தேன். நடுவில் நீள்சதுரமாக ஒரு முற்றம். மூன்று பக்கமும் அறைகள். ஒவ்வொரு அறைக்கும் தெருவைப் பார்த்த வாசல். ஒன்றைக் காலால் அளந்தேன். உமது பதினான்காம் இலக்கக் கடையைவிட அகலம் ஒரு அடி குறைவு, நீளம் சரி. நடுவால் கல் மூடிய வாய்க்கால் ஓடுகிறது. மீன் விற்றவர்கள் தாழ்வான மூலையில் இருந்திருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். "எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டார். கழுவின தண்ணீர் மற்றவன் கடைக்குள் போனால் சண்டை வருமே என்றேன். அந்த மூலையில்தான் மீன் முள்ளும் சிப்பியும் எடுத்தார்களாம். அன்று முழுக்க அவர் என்னை மரியாதையோடு பார்த்தார்.

இன்னொன்று. வாசல்படிக் கல்லில் நீளத்துக்கு ஒரு தவாளிப்பு வெட்டியிருக்கிறது. என்ன என்று கேட்க முன்னமே எனக்கு விளங்கிவிட்டது. பலகைக் கதவு! ஒவ்வொரு பலகையாகச் செருகிக்கொண்டு போய், கடைசிப் பலகையில் பூட்டு. நான் குந்தியிருந்து அந்தத் தவாளிப்புக்குள் இருந்த இலைகளை விரலால் எடுத்தேன். பதினொரு பலகையையும் நான் போட, நீர் பின்னால் நின்று இலக்கம் சொல்லுவீரே. ஏழாவது எப்போதும் இறுகும். அந்த நேரம் எனக்குப் பசியில் கோபம் வரும். இப்போது அந்த ஏழாவது பலகையை ஒருமுறை தோளால் தள்ளக் கிடைத்தால் போதும் போல் இருக்கிறது.

பலகைகள் இந்த மாரிக்கு எப்படி? நித்தியானந்தன் அண்ணையைக் கேட்டதாகச் சொல்லும்.

பாலன் பிறப்புக்கு உங்கள் இருவருக்கும் என் முத்தங்கள். ரோமரின் கல்லை எடுத்துக் கட்டிய தேவாலயம் பக்கத்திலேயே இருக்கிறது. நடுச்சாமப் பூசைக்குப் போகிறேன்.

யூட்


யாழ்ப்பாணம்
11.1.1985

அன்புள்ள பற்றிமாவின் அப்பாவுக்கு,

புது வருடம் உங்களுக்கு நல்லபடி விடிந்திருக்கும். எங்களுக்குக் காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லை. மாதாவுக்கு நன்றி.

நீங்கள் எழுதிய ரோமர் சந்தையைப் பற்றிமாவுக்கு நாலு தரம் வாசித்துக் காட்டினேன். அந்தச் சந்தையில் தும்பு மிட்டாய் விற்றார்களா என்று கேட்கிறாள். பூனை இருந்ததா என்றும் கேட்கிறாள். விசாரித்து எழுதுங்கள். உங்களுடைய மற்ற விசயங்களைவிட இதைத்தான் நிறைய எழுத வேண்டும். வாசிக்க நேரம் போவது தெரிவதில்லை.

கடையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பலகைகள் மழைக்கு உப்பிக் கொஞ்சம் இறுகித்தான் கிடக்கின்றன. ஏழாவது உங்களுக்குப் பயந்திருந்தது, எனக்குப் பயமில்லை. அக்காவின் மகன் தள்ளி விடுகிறான்.

நீங்கள் முதன்முதல் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? கிழிந்த குடையோடு வந்து நின்றீர்கள். "இது குடை தைக்கிற கடையில்லை" என்றேன். "மழை விடுமட்டும் நிக்கலாமோ?" என்று கேட்டீர்கள். மழை ஒரு மணித்தியாலம் விடவில்லை. பிறகு குடையையும் தைத்துத் தந்தேன். ஏனோ இந்த மாரியில் அதை அடிக்கடி நினைக்கிறேன்.

கொறற்றி


அல்ட்வெர்த்
24.3.1985

அன்புள்ள கொறற்றிக்கு,

பனி கரைந்துவிட்டது. நீர் தலைக்கு வைக்கச் சொன்ன எண்ணெயைக் கைவெடிப்புக்கும் பூசி மாறிவிட்டது. உங்கள் இருவரின் சுகத்துக்கும் ஞாயிறுதோறும் ஒரு மெழுகுதிரி.

பற்றிமாவுக்குச் சொல்லும்: பூனை இருந்ததோ தெரியாது, நாய் இருந்திருக்கிறது. ஓடு காயப் போட்டிருந்தபோது ஒரு நாய் மேலால் நடந்து போயிருக்கிறது. நாலு கால் அடையாளமும் ஓட்டில் அப்படியே. நூதனசாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். மிட்டாயைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தேன் பலகாரம் விற்றிருக்கலாம் என்று கெர்லாக் சொல்கிறார்.

போன மாதம் என் அகதி விண்ணப்ப விசாரணை நடந்தது. மொழிபெயர்க்க டார்ம்ஸ்டாட்டில் படிக்கும் சேஷாத்ரி என்ற தமிழ்நாட்டுப் பையனைக் கூப்பிட்டிருந்தார்கள். ஊரில் ஆமி என்னைப் பிடித்து வைத்திருந்த இருபது நாளையும் சொன்னேன். பிறகு உம்மைப் பற்றிக் கேட்டார்கள். சந்தையில் தையல் கடை வைத்திருக்கிறார் என்றேன். "கடை இப்பவும் ஓடிட்டிருக்கா சார்?" என்று அவர் கேட்டார். ஓம், திறந்து கிடக்குது என்றேன். அவர் அதை ஜெர்மனில் சொல்லவில்லை. "நிச்சயமா தெரியுமா?" என்று மறுபடி கேட்டார். ஓம் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

சந்தையில் இப்போது புதிதாக ஒரு குழி வெட்டுகிறார்கள். மண்ணை ஒற்றைச் சில்லு வண்டியில் தள்ளுவது நான். குழிச் சுவரில் இரண்டு விரல் தடிப்பில் கறுப்பாக ஒரு கோடு. சந்தை ஒரு காலத்தில் எரிந்திருக்கிறது. கரியான கோதுமை இருந்தது. ஒரு பூட்டு, அதைத் திறக்கும் திறப்பு உள்ளேயே கிடந்தது. "பிறகு ஆட்கள் திரும்பி வந்தார்களா?" என்று கேட்டேன். சிலர் வந்திருக்கிறார்கள் என்று கெர்லாக் கோட்டுக்கு மேலே காட்டினார். உடைந்த ஓட்டுத் துண்டுகளால் ஒரு தரை போட்டிருந்தது. பழைய தரையைப்போல் அழகில்லை.

முடிந்தால் கடையின் முன்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பும். கெர்லாக்குக்குக் காட்ட வேண்டும்.

யூட்


அல்ட்வெர்த்
9.6.1985

அன்புள்ள கொறற்றிக்கு,

நான் எழுதி இரண்டரை மாதமாகியும் உமது கடிதம் இல்லை. அங்கே பாதைகள் பூட்டு, தபால் தாமதம் என்று எங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். அப்படித்தான் இருக்கும்.

எனக்கு உடம்பில் ஒன்றுமில்லை. சில கடுதாசிகள் வந்திருக்கின்றன. கணேசலிங்கம் எசனில் ஒரு சட்டத்தரணியைப் பார்க்கச் சொல்கிறார். அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு போகிறேன். நீர் யோசிக்க ஒன்றுமில்லை.

சந்தையில் புல் வேகமாக வளர்கிறது. ஒரு கிழமை விட்டால் வாசல்படிகளே தெரிவதில்லை.

இரண்டு வரியாவது எழுதும்.

யூட்


சேசு மரி சூசை துணை

யாழ்ப்பாணம்
20.7.1985

அன்புள்ள பற்றிமாவின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் உயிரோடு சுகமாக இருக்கிறோம். அதை முதலில் நம்பிக்கொண்டு மற்றதை வாசியுங்கள்.

கடை இல்லை. சந்தையே இல்லை. நீங்கள் போய்ப் பதினெட்டாம் நாள், மத்தியானம், இரண்டு ட்றக்கில் வந்தவர்கள் சந்தைக்கு நெருப்பு வைத்தார்கள். சனிக்கிழமை. சனம் நிறைந்திருந்தது. பற்றிமா நல்ல காலம் அக்கா வீட்டில் நின்றாள். சுடுகிற சத்தம் கேட்டு எல்லாரும் மீன்பக்க வாசலால் ஓடினோம். நித்தியானந்தன் அண்ணைக்கு அந்த இழுக்கிற காலோடு ஓட ஏலாது. "நான் உள்ளுக்க இருந்து பலகையைப் போடுறன், பூட்டின கடையை ஒண்டும் செய்யமாட்டாங்கள், நீ போ பிள்ளை" என்றார். நான் கைகொடுத்தேன், அவர் வரவில்லை. நானும் நின்று இழுக்கவில்லை. அடுத்த நாள்தான் அவரை எடுத்தார்கள்.

நான்கு கடிதங்களிலும் அவரைக் கேட்டிருந்தீர்கள், அல்லது நான் அப்படி நினைத்தேன். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தைத் தாண்டித்தான் எழுதினேன். வீட்டை விட்டு அக்காவோடு வந்து இருக்கிறோம். பொய்யான விலாசக் கதைக்கு அதுதான் காரணம். தூர தேசத்தில், அறிந்தவர் எவருமில்லாமல் இருக்கிற மனிசனுக்கு இதை எழுதி என்ன செய்ய என்று நினைத்தேன். ஏழாவது பலகை இறுகுகிறது என்று எழுதினேனே. அதை எழுதிவிட்டு அக்காவின் கிணற்றடியில் போய் இருந்து அழுதேன். ஆனால் உங்களுக்குப் பதில் எழுதும் நேரத்தில் மட்டும் கடை திறந்திருந்தது. அந்த நேரத்தைக் கைவிட எனக்கு மனமில்லை.

நீங்கள் படம் கேட்டதும் மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன்.

போன கிழமை கணேசலிங்கத்தின் மனைவி செல்லம் வந்தா. அவர் எழுதிய கடிதத்தை வாசித்துக் காட்டினா. உங்கள் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்களாம். மனைவி இடைஞ்சல் இல்லாமல் வியாபாரம் செய்கிறார், ஆகவே அங்கே வாழலாம் என்று எழுதியிருக்கிறார்களாம். என்னுடைய பொய்யை வைத்து உங்களைத் தள்ளியிருக்கிறார்கள். நீங்களோ "சில கடுதாசிகள்" என்று எனக்கு எழுதுகிறீர்கள்.

பங்குச் சுவாமியின் கடிதம், கிராமசேவகரின் அத்தாட்சி, ஸ்ரூடியோக்காரர் எடுத்த படம் மூன்றும் இதற்குள் இருக்கின்றன. படத்தில் இடது பக்கம் தெரிகிற சுவர்தான் நாங்கள்.

உங்கள் கோபத்தை முழுதாக எழுதுங்கள். பாதியை வைத்துக்கொள்ள வேண்டாம்.

கொறற்றி


அல்ட்வெர்த்
11.8.1985

அன்புள்ள கொறற்றிக்கு,

உமது கடிதம் புதன்கிழமை வந்தது. இன்று ஞாயிறு. உடம்பு சுகம். மனதைக் கேட்காதேயும்.

முதலில் உண்மை. கோபம் வந்தது. சனிக்கிழமை வேலை இல்லை என்றாலும் சந்தைக்குப் போனேன். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்திருந்தார்கள். சுவர்களுக்கு மேலால் ஓடித் திரிந்தன. நான் ஒரு வாசல்படியில் இருந்து உமது படத்தைப் பார்த்தேன். கெர்லாக் வந்து பக்கத்தில் இருந்தார். அவரிடம் கொடுத்தேன். "இது எந்த அகழ்வு?" என்று கேட்டார். என் மனைவியின் கடை என்றேன்.

இப்போது இரண்டாவது உண்மை. எனக்கு முன்னமே தெரியும் கொறற்றி.

உமது முதல் கடிதத்திலேயே சந்தேகம். சந்தை ஆட்களைப் பற்றி ஒரு வம்பு இல்லாமல் உம்மால் ஒரு பக்கம் எழுத ஏலாது. அதில் ஒருவரின் பெயரும் இல்லை. அண்ணையின் இருமலைக் கேட்டேன், பதில் இல்லை. மறுபடி கேட்டேன், அதற்கும் இல்லை. குழிச் சுவரில் இருந்த கறுப்புக் கோட்டைப் பற்றி எழுதியதும், படம் கேட்டதும், நீர் சொல்வதற்கு ஒரு வாசல் திறந்து வைக்கத்தான். நேரே கேட்க எனக்குத் துணிவு இல்லை.

மொழிபெயர்த்த அந்தப் பையன் இரண்டாம் தரம் கேட்டபோது, தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என் வழக்குக்கு அதுவே போதும். ஆனால் அந்த அறையில் இருக்கும்போது உம்மைக் கண்முன்னே கண்டேன். மெசினுக்கு மேல் குனிந்து, வாயில் ஊசியோடு. இல்லை என்று சொன்னால் நானே நெருப்பு வைத்தது போலாகிவிடும் என்று பட்டது. ஆகவே ஓம் என்றேன். உமது பொய் என்னைத் தள்ளவில்லை. என்னுடையதுதான்.

அண்ணைக்காக நேற்றுப் பூசை கொடுத்தேன். பெயரை உச்சரிக்கச் சுவாமியார் படாத பாடு பட்டார். நீர் கைகொடுத்தீர், அவர் வரவில்லை. நான் அங்கே நின்றிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். இதை நீர் எத்தனை முறை கேட்டாலும் அத்தனை முறையும் எழுதுவேன்.

கடுதாசிகளைச் சட்டத்தரணியிடம் கொடுத்தாயிற்று. மேன்முறையீடு போடுகிறார்.

யூட்


யாழ்ப்பாணம்
3.11.1985

அன்புள்ள பற்றிமாவின் அப்பாவுக்கு,

நேற்று ஆத்துமாக்கள் திருநாள். எல்லாருக்கும் திரி கொளுத்தினோம். காற்றுக்கு ஒன்றும் நின்று எரியவில்லை. நாங்கள் சுகம். நீங்கள் மெலிந்திருக்கிறீர்கள் என்று செல்லம் சொல்கிறா, அவவுக்கு எப்படித் தெரியுமோ.

உங்கள் கடிதத்தை ஒரு மாதம் தலையணைக்குக் கீழ் வைத்திருந்தேன். இரண்டு பேரும் ஒரே கடையை இரண்டு தேசத்திலிருந்து திறந்து வைத்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பும் வந்தது.

மரக்கறிக்காரர்கள் எரிந்த சுவருக்கு வெளியே சாக்கு விரித்து இருக்கத் தொடங்கிவிட்டார்கள். நானும் போன திங்கள் தொடக்கம் அங்கே ஒரு மேசை போட்டிருக்கிறேன். மெசினின் தலையை அன்று தூக்கிக்கொண்டு ஓடினேன், கால் அக்கா வீட்டுப் பழையது. வெயிலுக்கு மேலே படங்கு. முதல் நாள் தைத்தது ஒரு தலையணை உறை. அதைக் கொண்டுவந்த மனிசி அவசரமே இல்லாமல் பக்கத்தில் நின்று முழுக்கதையும் சொல்லிவிட்டுப் போனா.

வம்பு கேட்டீர்களே, அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், நிறைய இருக்கிறது.

கொறற்றி


அல்ட்வெர்த்
22.3.1987

அன்புள்ள கொறற்றிக்கு,

வழக்குத் திகதி தள்ளிப்போய்விட்டது என்று ஒன்றரை வருடமாக எழுதி எனக்கே அலுத்துவிட்டது. உமக்கு எப்படி இருந்திருக்கும். இரண்டு பேரின் உடம்பும் நலமா?

செவ்வாய்க்கிழமை நீதிமன்றம் கூப்பிட்டது. கெர்லாக் ஒருநாள் லீவு எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். நீதிபதி சுவாமியின் கடிதத்தையும் படத்தையும் பார்த்துவிட்டு, "முதல் விசாரணையில் கடை இருக்கிறது என்று சொன்னீர்களே, ஏன்?" என்று கேட்டார். சட்டத்தரணி சொல்லித் தந்த பதில் ஒன்று இருந்தது. அது வாயில் வரவில்லை. "ஐயா, அது எரியக்கூடாது எண்டு நினைச்சன்" என்றேன். மொழிபெயர்த்தவர் அதைச் சொல்லி முடித்தார். பிறகு நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என்னைப் பிடித்து வைத்திருந்த நாட்களைப் பற்றி மறுபடி முதலிலிருந்து கேட்டார். இந்த முறை ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். உம்மையும் பிள்ளையையும் கூப்பிடலாம். பத்திரங்கள் கொழும்புத் தூதரகத்துக்குப் போகும்.

வெளியே வந்ததும் கெர்லாக் என்னைவிட அதிகமாக அழுதார். அடுத்த நாள் காலையில் வழமைபோல் வேலைக்குப் போனேன். குளிர்காலத்தில் பெயர்ந்த கற்களைச் சரிசெய்துகொண்டிருக்கிறோம். இனி வேலைக்கு அனுமதி உண்டு, நூதனசாலையிலேயே கேட்டுப் பார்க்கப் போகிறேன்.

ஒன்று கேட்கிறேன். நாங்கள் இருவரும் சுகம் சுகம் என்று எழுதி எழுதியே கெட்டோம். இனிமேல் கெட்ட செய்தியை முதலில் எழுதும். நல்லது காத்திருக்கும்.

யூட்


கொழும்பு
8.9.1987

அன்புள்ள பற்றிமாவின் அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே தொடங்குகிறேன்.

வந்த வழியில் பற்றிமாவுக்குக் காய்ச்சல். இன்றைக்குத்தான் எழும்பிக் கஞ்சி குடித்தாள். அவளுக்கு உங்கள் முகம் ஞாபகம் இல்லை. படத்தைக் காட்டினால், "இது படம், ஆளைக் காணேக்க எப்பிடித் தெரியும்?" என்கிறாள். முதல் நாளே உங்களிடம் ஓடி வருவாள் என்று இருக்காதீர்கள். அக்கா பிளோறன்ஸ் பஸ் நிலையத்தில் என்னோடு பேசவில்லை. தன்னை விட்டுப் போகிறேன் என்று கோபம். மேசையையும் மெசினையும் செல்லத்திடம் கொடுத்துவிட்டேன். எனக்கு முன்தலை நரைத்துவிட்டது.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைத் தபாலில் எழுதாமல் நேரில் காட்டலாம் என்று மூன்று வருடம் வைத்திருந்தேன். மெசின் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று எழுதினேன். நெருப்பு எங்கள் கடையைப் பிடித்த பிறகுதான் எடுத்தேன், அது சுட்டுக்கொண்டிருந்தது என்று எழுதவில்லை. என் இடது கையில் கடைசி இரண்டு விரலும் மடியாது. தோல் இறுகிப்போய்ப் பார்க்க நன்றாயிராது. எழுதுவது வலது கை என்றபடியால் உங்களுக்குத் தெரிய வழியில்லை. தையல் ஓடுகிறது, பொத்தான் துளை மட்டும் மெதுவாக. விமான நிலையத்தில் முதலில் உங்கள் கண் அதில்தான் போகும். போனால் பரவாயில்லை. தெரிந்துகொண்டு பாருங்கள்.

கெட்டது அவ்வளவுதான். இரண்டு முறை யோசித்துப் பார்த்தேன், வேறு இல்லை.

விசா கிடைத்துவிட்டது. இருபத்திரண்டாம் திகதி காலை டுசல்டோர்ஃபில் இறங்குகிறோம். பிள்ளை நீலச் சட்டை போட்டிருப்பாள். நான்தான் தைத்தேன்.

கொறற்றி